அறிக்கைகளும் வினவற் பிழைகளும்

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதிக்கும் ஒக்டோபர் 2ஆம் திகதிக்கும் இடையில், இங்கிலாந்தின் நாளாந்த நோய்க் கணக்கிலிருந்து கொவிட் தொற்றுக் கண்ட 15,841 பேர் விடுபட்டுப் போயினர். ஆய்வுகூடங்கள் அனுப்பிய முடிவுகள் எக்செல் மென்பொருளின் பழைய வடிவக் கோப்புகளிற் சேர்க்கப்பட்டன. அவ்வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்பதில்லை. எல்லை நிரம்பிய பின் வந்த வரிசைகள் சத்தமின்றி வெளியே நின்றன. அறிக்கை வழமைபோல் வெளிவந்தது. நோயாளருக்குத் தம் முடிவு தெரிந்திருந்தது. அவரோடு பழகியோரைத் தேடி எச்சரிக்க வேண்டியவர்களுக்கோ அப்பெயர்கள் நாட்கள் கழிந்தே கிடைத்தன.

ஓர் அறிக்கை அச்சாகி மேசைக்கு வந்துவிட்டது என்பது அது சரியென்பதற்குச் சான்றாகாது. அலுவலகங்களின் அறிக்கை மென்பொருள்கள் தரவுத்தளத்தை நோக்கி விடுக்கும் வினாக்களுக்கும் இஃது ஒக்கும். அவ்வினாவை வினவல் என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கொட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாகத் தொடர்புபடுத்தும் முறையை 1970இல் வெளியிட்டார். அதன்வழி 1974இல் அறிமுகமான மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது.

வினவல் இரு வகைப்படும். முன்னரே எழுதி வைக்கப்பட்டு மாறாதிருப்பது ஒன்று. மற்றையது இயங்கு வினவல். ஆண்டு, மாவட்டம், தரம் என அலுவலர் திரையிலே தெரிவு செய்பவற்றுக்கு ஏற்ப, சொற்றுண்டுகளை ஒட்டி மென்பொருளே அவ்வேளையில் அமைத்துக்கொள்ளும் வாக்கியம் அது. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கின்றது. துண்டுகளை எழுதியவர் உண்டு. ஒட்டிய முழு வாக்கியத்தைப் பார்த்தவர் எவருமிலர். பார்க்காத வாக்கியத்தைத் திருத்துவது எங்ஙனம்?

ஆகலின், பிழை தேடுவோர் முதலிற் செய்யவேண்டியது அம்முழு வாக்கியத்தை வெளியே எடுத்துப் படித்தலாகும். அதைத் தனியே தரவுத்தளத்தில் இயக்கினால், குற்றம் வினவலிலா, அறிக்கையின் அமைப்பிலா என்பது தெளிவாகும். இதிலும் ஒரு பொறி உண்டு. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வரில் வாக்கியத்தைக் காட்டும் பிரின்ற் கட்டளை, யுனிக்கோட் எழுத்தாயின் 4,000 எழுத்துகளோடு நின்றுவிடும். வால் தெரியாமையால் வாக்கியமே அறுந்ததென்று மயங்கிப் பொழுதை வீணாக்கியோர் பலர். மறுபுறம், சாதாரண அளவுச் சொற்றுண்டுகளை ஒட்டும்போது அதே எல்லையில் வாக்கியம் மெய்யாகவே அறுபடுவதும் உண்டு. அப்பொழுதும் எச்சரிக்கை எழாது.

கூச்சலிடும் பிழைகள் எளியன. அட்டவணைப் பெயருக்கும் அடுத்து வரும் “வெயர்” என்னும் சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி விடாதொழிந்தால், இரண்டும் ஒட்டி ஒரு சொல்லாகி வினவல் உடனே முறியும். பெயர்களுள் வரும் மேற்கோட் குறியும் அத்தகையதே. டி’சில்வா என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே வரும் குறியை, சொல் முடிந்ததற்கான அடையாளமாகக் கணினி கொள்ளும். அக்குறியை இரட்டித்து எழுதித் தப்பலாம். எனினும் பெயரை வாக்கியத்துள் ஒட்டாமல், பரமானமாகத் தனியே கொடுத்தனுப்புவதே நல்வழி. ஒட்டும் பழக்கம், தீய எண்ணங்கொண்டோர் தம் கட்டளைகளை நுழைக்கும் வாயிலாகவும் அமைந்துவிடும்.

திகதிப் பிழை பாதி ஊமை. மே மாதம் 4ஆம் நாளை 04/05/2024 என எழுதி அனுப்பினால், அமெரிக்க வழக்கில் அமைந்த சேவையகம் அதனை ஏப்பிரல் 5 என்று வாசிக்கும். மாதத்தின் பன்னிரண்டாம் நாள்வரை அறிக்கை பிழையாக ஓடும். பதின்மூன்றாம் நாளன்று, பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று முறையிட்டு நிற்கும். அன்று முறிந்ததென்று அழைக்கப்படும் திருத்துநர், முந்திய பன்னிரண்டு நாள் அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். 20240504 என எட்டு இலக்கமாக எழுதினால் மயக்கமில்லை.

முற்றும் ஊமையான பிழைகளே கொடியன. ஒரு கல்வி அலுவலகம், இலவசச் சீருடைத் துணி பெறாத பிள்ளைகளின் பட்டியலைக் கேட்கின்றது எனக் கொள்க. பெற்றோர் அட்டவணையில் இல்லாத சேர்விலக்கங்களைத் தருக என்பது வினவல். “நொட் இன்” என்பது அதன் சொல். பெற்றோர் அட்டவணையில் யாரோ ஓர் எழுதுவினைஞர் ஒரே ஒரு வரிசையிற் சேர்விலக்கத்தை நிரப்பாது விட்டிருக்கின்றார். கணினி அவ்வெற்றிடத்தைப் பூச்சியமாகவோ வெறுஞ்சொல்லாகவோ கொள்வதில்லை; அறியப்படாத ஒன்றாகவே கொள்கின்றது. துணி பெறாத பிள்ளையின் இலக்கம் அவ்வெற்றிடத்துக்குச் சமமா என்று கேட்டால், ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது, “அறியேன்” என்னும். “ஆம்” என்ற விடை வந்த வரிசை மாத்திரமே அறிக்கையில் ஏறும். ஆகவே பட்டியல் வெறுமையாக வருகின்றது. துணி பெறாதோர் எவருமிலர் என அலுவலர் மகிழ்ந்து கையொப்பமிடுகின்றார். பழைய சட்டையோடு பிள்ளை பாடசாலைக்கு வருகின்றது. “நொட் எக்சிஸ்ற்ஸ்” என்னும் அமைப்பில் அதே கேள்வியைக் கேட்டிருப்பின் இவ்விடர் நேராது.

இதற்கு நேரெதிராக மிகையாய்த் தருவது அடைப்புக்குறிப் பிழை. மன்னார் அல்லது வவுனியா, மற்றும் தரம் ஐந்து என்று நிபந்தனைகளை வரிசையாக ஒட்டினால், “மற்றும்” என்பதே முதலிற் பிணையும். வவுனியாவின் ஐந்தாந்தரத்தாரோடு மன்னாரின் எல்லாத் தரத்தாரும் வந்து சேர்வர். இரு மாவட்டங்களையும் அடைப்புக்குறிக்குள் இடவேண்டும். ஒரே மாவட்டத்தைத் தெரிந்து சோதித்த வேளையில் இது வெளிப்படாது. அதனாலேதான் சோதனையிற் சித்தியடைந்த அறிக்கை, பயன்பாட்டிற் பிழைக்கின்றது.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெருங்கல்வி வேண்டியதில்லை. கூட்டற் கணக்குப் போதும். துணி பெற்றோர், பெறாதோர், இலக்கம் நிரப்பப்படாதோர் ஆகிய மூன்று தொகைகளையும் கூட்டி, இடாப்பிலுள்ள மொத்தத்தோடு ஒப்பிடுக. துணி பெறவில்லையென்று நேரிலே தெரிந்த ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலில் வருகின்றதா என்றும் பார்க்க. வாராவிடின், கையொப்பத்தை நிறுத்திவைத்து, கணினி அனுப்பிய வாக்கியத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.