அடைத்த கதவும் திறந்த கதவும்



கல்விக்கெனத் தோன்றிய கழகத்தின் வெள்ளி விழாவில், ஐரோப்பிய யூதர்கள் பட்ட துயரை நாம் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? அத்துயர் கொலைக்களத்தில் தொடங்கவில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் தொடங்கியது. அதனாலேயே நாம் அதனை அறிதல் கடமையாகிறது.

1933 சனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஏப்ரலிலேயே அரசுப் பணியிலிருந்து யூதர்களை விலக்கச் சட்டம் வந்தது. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேரும் யூத மாணவர் தொகைக்கு வரம்பு கட்டினர். 1935இல் நூரம்பர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. பிறரோடு மண உறவையும் தடுத்தன. 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. எஞ்சியிருந்த யூதப் பிள்ளைகளும் அம்மாதமே அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பிறப்பின் பெயரால் பள்ளிக் கதவு அடைபடுவதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அயலார் என்ன செய்தனர்? 1938 ஜூலையில், பிரான்சு நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றி ஆராய்ந்தன. இரக்கச் சொற்களுக்குக் குறைவில்லை. இடம் தரத்தான் பெரும்பாலோர் முன்வரவில்லை. ஆஸ்திரேலியப் பிரதிநிதி, தம் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, அதனை இறக்குமதி செய்யும் விருப்பமும் இல்லை என்றார். அதன்பின் பிரிட்டன் ஏறத்தாழ 10,000 சிறுவர்களை ஏற்றது. ஆனால் பெற்றோர்க்கு அவ்வழி திறக்கவில்லை. 1939 மே மாதம் 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் 900க்கும் மேற்பட்ட அகதிகள் கியூபாவை அடைந்தனர். அங்கு இறங்க 28 பேருக்கே அனுமதி கிடைத்தது. அமெரிக்காவும் மறுத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர்.

இனி டென்மார்க்கைக் காண்போம். அது நாஜிப் படையின் பிடியிலிருந்த நாடு. 1943 அக்டோபர் தொடக்கத்தில் அங்குள்ள யூதர்களைச் சிறைப்பிடிக்கத் திட்டமிட்டனர். டுக்விட்ஸ் என்னும் ஜெர்மன் அதிகாரியே அச்செய்தியை டேனிஷ் தலைவர்களுக்கு முன்கூட்டி அறிவித்தார். மக்கள் தங்கள் இல்லங்களிலும் தேவாலயங்களிலும் மருத்துவமனைகளிலும் யூதர்களை மறைத்து வைத்தனர். மீனவர் இரவோடிரவாகப் படகேற்றி, நீரிணையைக் கடந்து ஸ்வீடனில் சேர்த்தனர். படகோட்டிகளுள் கூலி கேட்டவரும் உண்டு. பொருளற்றோர்க்காகப் பிறர் பணம் திரட்டினர். இவ்வாறு ஏறத்தாழ 7,200 உயிர்கள் தப்பின. பிடிபட்ட 470 பேரையும் அந்நாடு மறந்துவிடவில்லை. அவர்கள் நலத்தை அதிகாரிகள் இடைவிடாது கேட்டவண்ணமிருந்தனர். பெரும்பாலோர் உயிரோடு மீண்டனர்.

அங்கே யூதர் தொகை சிறிது. ஸ்வீடனும் அருகில் இருந்தது. உண்மைதான். ஆனால் எவியானில் கூடிய நாடுகளுக்குக் கால அவகாசம் இருந்தது. அவர்கள் மண்ணில் பகைவர் படை இல்லை. வலிமையும் வாய்ப்பும் உள்ளோர் காரணம் தேடினர். துப்பாக்கி முனையில் வாழ்ந்தோர் வழி தேடினர். காரணம் தேடிய உலகின் கண்ணெதிரே 60 லட்சம் யூதர்கள் மடிந்தனர்.

மாணவச் செல்வங்களே! நமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டும் வாளாவிருந்தோரை நாம் கேள்வி கேட்கிறோம், கேட்பது நியாயமே. அக்கேள்வி நாளை நம்மை நோக்கியும் வரும். வேறொரு மக்களின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்படும் முதல் நாளிலேயே நாம் குரல் கொடுக்க வேண்டும். கற்ற கல்வியின் பயன் அதுவே.