வேடம் தரும் முகம்

மாசி மாதத்து வளர்பிறைக் காலத்தில் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி இரவு வேளையிற் செல்பவர் காதுகளில் தப்பொலி வந்து விழுவதுண்டு. லயங்களுக்கு அண்மையிலுள்ள திடலிலே மக்கள் வட்டமாகக் கூடியிருப்பர். நடுவே இரண்டு உருவங்கள் ஆடிக்கொண்டிருக்கும். ஒன்று மன்மதன், மற்றது ரதி. சேலையும் வளையலும் அணிந்து நாணி நிற்கும் அந்த ரதி ஓர் ஆண்மகன். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இரவிலே அபிநயம் பிடிக்கின்றது. இதுவே மலையகத்துக் காமன் கூத்து.

அதே இரவில், அதே லயத்தின் ஓர் அறையிலே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் இளைஞன் கைத்தொலைபேசித் திரையை நோக்கியிருக்கக்கூடும். அவனும் வேடம் புனைந்துகொண்டுதான் இருக்கிறான். பப்ஜி முதலிய விளையாட்டுகளில், களத்தில் இறங்குமுன் ஆடுபவன் தனக்கொரு பாத்திரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா, தலைமுடி எவ்வாறு, தோலின் நிறம் யாது, மேலாடை எது என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து ஓர் உருவம் சமைக்கிறான். அதற்குத் தான் விரும்பிய பெயரையும் சூட்டுகிறான். இது வீண் பொழுதுபோக்கு, கூத்தோ தெய்வக் கலை; இரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்று கேட்பார் உளர். கேட்கத்தக்க கேள்விதான். ஆயினும், ஒரு மனிதன் தனக்கு வாய்த்த உருவத்தை விட்டுத் தான் வேண்டிய உருவத்தை ஏன் நாடுகிறான் என்பதை முதலில் ஆராய்தல் நலம். அதனை ஆராய்வதற்கு மலையகத்தைக் காட்டிலும் ஏற்ற இடம் அரிது.

1867ஆம் ஆண்டிலே கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து மக்கள் வரத் தொடங்கியிருந்தனர். வந்தவர்கள் செக்ரோல் எனப்படும் பதிவேட்டில் எழுதப்பட்டார்கள். அந்த ஏட்டிலிருந்து தோட்டத்துப் பேச்சு வழக்கிலே ஒரு விந்தை பிறந்தது. ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றே பெயராயிற்று. முழு வேலை செய்தவருக்கு ஒரு பேர். குறையச் செய்தவருக்கு அரைப் பேர். பெற்றோர் இட்ட பெயர் கூலியை அளக்கும் படியாகிவிட்ட கதை இது!

பிற்காலத்திலும் அவர்கள் தொகையாகவே எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று, நெல் மூட்டைகளைப் போல மனிதர் பங்கிடப்பட்டார்கள். நாடற்று எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

இத்தகைய வாழ்விலே, மாசி மாதத்துச் சில இரவுகளில் ஒருவன் மன்மதன் ஆகிறான் என்றால் அதன் பொருள் எளிதில் விளங்கும். அவனுக்குக் கரும்பு வில் உண்டு. தலையிலே வண்ணத் தாள் ஒட்டி மினுங்கும் முடி உண்டு. பகலில் அவனை ஏவிய கங்காணியும் இரவில் கூட்டத்தோடு நின்று அவனைப் பார்க்க வேண்டியவரே. வேடம் புனைவோர் விரதம் காக்கின்றனர். சிவனது நெற்றிக்கண்ணால் காமன் எரிந்ததும் ரதி புலம்பும் ஒப்பாரியில், பார்க்கின்ற பெண்கள் தங்கள் வீட்டு இழப்புகளையும் நினைத்துக் கண்ணீர் விடுவார்கள். ரதியின் உடையும் கதையும் மரபு வகுத்தவை. அவற்றை மாற்ற இயலாது. ஆனால் எந்த இடத்திலே குரல் உடைய வேண்டும், எந்த இடத்திலே தலை சாய வேண்டும் என்பது ஆடுபவனுடைய சொந்தச் சொத்து. ஒரே ரதியை இருவர் ஆடினால் இரண்டு ரதிகளைக் காணலாம். தனித்தன்மை என்பது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இனித் திரையின் பக்கம் திரும்புவோம். கணினி விளையாட்டில் ஆடுபவனைக் குறிக்கும் உருவத்துக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘அவதார்’. நமது அவதாரம் என்ற சொல்லேதான்! 1985ஆம் ஆண்டில் வெளிவந்த அல்டிமா வரிசையின் நான்காம் விளையாட்டு இச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சிம்ஸ் என்ற விளையாட்டில் பகைவரை வெல்வதென்பது இல்லை; மனிதரை உருவாக்கி, வீடு கட்டி, வாழவைப்பதே ஆட்டம். அதனைக் கோடிக்கணக்கானோர் விரும்பி ஆடினர்.

வேடம் ஆடுபவனையும் மாற்றுமா? 2007ஆம் ஆண்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கணினி உலகிலே உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள், பணத்தைப் பங்கிடும் பேரத்தில் குட்டையான உருவம் பெற்றவர்களைவிடத் துணிந்து பேசினார்களாம். அழகிய முகம் பெற்றவர்கள் அயலாரை நெருங்கி நின்று பழகினார்களாம். நினைத்த வடிவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வமாகிய புரோட்டியஸின் பெயரை அவர்கள் இவ்விளைவுக்குச் சூட்டினர். முடி சூடியதும் தோள் நிமிர்வதைக் காமன் கூத்துக்காரர் ஆய்வுகூடம் இன்றியே அறிந்திருந்தனர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. கூத்தின் ஒப்பனை ஊராரின் கைகளால் ஆவது. திரையின் ஒப்பனையோ பெரும்பாலும் கடைச் சரக்கு. ஃப்ரீ ஃபயர் என்ற விளையாட்டில் வைரம் எனப்படும் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் சிறந்த உடைகள் பலவும் கிட்டும். கொழுந்து பறித்து வந்த கூலியில் ஒரு பகுதி, இல்லாத சட்டைக்குப் போவது எந்தத் தாய்க்கும் கசப்பாகவே இருக்கும். அவள் கடிந்துகொள்வதில் நியாயம் உண்டு. அன்றியும், தான் புனைந்த முகத்தை அவளுக்குக் காட்ட அவ்விளைஞனுக்கு ஒரு திடல் இல்லை. முகமறியாத எவரோ ஒருவர்தாம் அதனைக் காண்கிறார்.

ஆனாலும் விளையாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த வெற்றுக் கட்டத்தை மறந்துவிட முடியாது. அவனுடைய பாட்டனின் பெயரை ஏட்டில் எழுதியவர் எவரோ ஒரு கணக்கப்பிள்ளை. எழுத்துப் பிழைத்திருந்தாலும் கேட்பார் இல்லை. இங்கே அவனே எழுதுகிறான். பிடிக்கவில்லையென்றால் அழிக்கிறான், மறுபடியும் எழுதுகிறான். வெளியே காமன் திடலிலே தப்பு முழங்குகிறது. ரதி வந்துவிட்டாள் என்று தங்கை வாசலில் நின்று கூவுகிறாள். தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு அவனும் எழுந்து ஓடுகிறான்.