பாலைவனத்தில் ஒரு வாரக் குடித்தனம்



அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்றொரு நகரம். அங்கிருந்து வடக்கே காரில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் பிளாக் ராக் பாலைவனம் வரும். பாலைவனம் என்றதும் நம் மனத்தில் எழும் மணல்மேடுகள் அங்கே இல்லை. லகோந்தன் என்ற மிகப் பழைய ஏரி வற்றிப்போன இடம் அது. வெளிறிய களிமண் தரை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையாகக் கிடக்கிறது. மரம் இல்லை, செடி இல்லை, ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. வெறிச்சோடிக் கிடக்கும் அந்த வெளியில், ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு வாரத்துக்கு மட்டும் 70,000 பேர் குடியிருக்கும் ஊர் ஒன்று எழுகிறது. பர்னிங் மேன் என்று உலகம் அறிந்த கலை, இசைக் கூடல் அதுதான்.

செய்திகளில் நாம் பார்ப்பது அங்கே எரியும் பிரம்மாண்டமான மரப்பொம்மையை. வண்ண வண்ண உடைகளை. நான் இன்று சொல்ல விரும்புவது நண்பர்களோடு கூடாரம் போட்டு அங்கே குடித்தனம் நடத்துவதைப் பற்றி. அந்த ஊரைத் தாங்கி நிற்பதே அந்தக் குடித்தனம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கம் சிறியது. 1986-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரு நண்பர்கள் எட்டடி உயர மரப்பொம்மை ஒன்றைச் செய்து எரித்தார்கள். பார்த்தவர்கள் ஏதோ இருபது பேர். ஆண்டுதோறும் கூட்டம் பெருகியது, பொம்மையும் வளர்ந்தது. 1990-இல் கடற்கரையில் எரிக்கக் கூடாது என்று காவலர்கள் தடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டே பொம்மையைப் பிளாக் ராக் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். போனவர்கள் தரையில் ஒரு கோடு கிழித்து, எல்லோரும் சேர்ந்து அதைத் தாண்டி உள்ளே போனதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து பெரும்பாலும் கூடல் அங்கேதான். ஹார்வி 2018-இல் காலமானார்.

அந்த ஊரில் ஓட்டல் இல்லை, மளிகைக் கடை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. கடையென்று பார்த்தால் பனிக்கட்டி விற்கும் இடம் ஒன்றுதான். முன்பு காபி விற்றார்கள்; 2022 முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நடத்துகிறவர்கள் தெருக்களை அளந்து குறிக்கிறார்கள், கழிப்பறைகள் வைக்கிறார்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்கிறார்கள். தண்ணீர், சாப்பாடு, நிழல், படுக்கை எல்லாவற்றையும் வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். போகும்போது ஒரு வெங்காயத் தோலைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு முகாமாகத்தான் வருகிறார்கள். நானும் அப்படி ஒரு நண்பர் குழுவோடு போனவன்தான்.

முதலில் வெயில். பகலில் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் கழித்தவர்களுக்கு இந்த எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டும் வேறு வேறு வெயில். சென்னையில் வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை நனைந்த சட்டை சொல்லிவிடும். பிளாக் ராக்கில் காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை அரும்பியதும் ஆவியாகிவிடும். தனக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவர் காலை முழுவதும் சுற்றுவார். மத்தியானம் தலைவலி, குமட்டல். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலின் உறைப்பும் கூடுதல்.

ஆகவே தண்ணீர்க் கணக்கு முக்கியம். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாமாகச் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை காலன் வேண்டும் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. நம் அளவில் ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல். எட்டுப் பேர் ஒரு வாரம் தங்கினால் 300 லிட்டரைத் தாண்டிவிடும். அது ஒரு வண்டியின் பின்பக்கத்தை முழுதாக அடைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதிலும் ஆபத்து உண்டு. வியர்வையோடு போன உப்பு திரும்பாவிட்டால் உடம்பு சோர்ந்து மயக்கம் வரும். எங்கள் முகாமில் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்ந்துபோனது மாங்காய் ஊறுகாய். பக்கத்து முகாம்காரர்கள் வெள்ளரிக்காய் ஊறுகாயைத் தின்றுவிட்டு, பாட்டிலில் மிஞ்சிய உப்புத் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது நிழல். இரவெல்லாம் இசை கேட்டுவிட்டு விடியும் நேரத்தில் படுப்பவர்களுக்குக் கூடாரம் எட்டு மணிக்கே கொதிக்கத் தொடங்கும். அதனால் கூடாரத்துக்கு மேலே, காற்றுப் போக இடைவெளி விட்டு, வெயிலைத் திருப்பியடிக்கும் வலைத்துணியால் ஒரு பந்தல் போடுகிறார்கள். அந்தத் தரையில் சாதாரண முளைகள் நிற்காது. கட்டட வேலைக்குப் பயன்படும் முறுக்குக் கம்பியை ஒரு பக்கம் வளைத்து, சம்மட்டியால் ஆழமாக அடித்து இறக்க வேண்டும். இருட்டில் யாரும் காலை இடித்துக்கொள்ளாதபடி வெளியே நீட்டும் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கிழித்துச் செருகிவிடுவார்கள். பந்தல் சரியாகக் கட்டப்படாவிட்டால் பிற்பகல் காற்றில் பிய்த்துக்கொண்டு அடுத்த முகாமின் மேல் விழும். கம்பி அடிப்பது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. வந்து இறங்கிய களைப்போடு, அரைத்தூக்கத்தில், தலைக்கு மேல் வெயிலோடு ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்கும்போதுதான் அந்த வாரம் நிஜமாகத் தொடங்குகிறது.

வாளிக் குளிர்விப்பான் என்று ஒன்று பல முகாம்களில் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் வாளி, சுற்றிலும் துளைகள், உள்ளே ஈரம் ஏற்கும் பஞ்சுத்தாள், மீன்தொட்டிக்கு வைப்பதுபோன்ற சின்ன பம்பு, மேலே ஒரு விசிறி. சூரிய மின்தகட்டிலேயே ஓடிவிடும். மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கிற அதே தத்துவம்தான்: ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் இது அவ்வளவாகப் பலிக்காது. அங்கே கூடாரத்துக்குள் நிம்மதியாகத் தூங்குமளவு குளிர்ச்சி தரும்.

வெயிலுக்குச் சமமான எதிரி தூசி. உப்பும் காரமும் கலந்த மாவு போன்ற மண் அது. காற்று கிளம்பினால் நீட்டிய கை தெரியாது. அப்போது நடப்பவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். செருப்பில்லாமல் நடந்தால் பாதம் வெடித்துப் புண்ணாகும். வினிகர் கலந்த தண்ணீரில் காலைக் கழுவினால் அந்தக் காரம் முறியும். எங்கள் முகாமில் இரவு படுக்கப்போகுமுன் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தோம். நண்பர்கள் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவிக்கொள்ளும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் பேசுவோம்.

இனி நான் மிக முக்கியம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். பாத்திரம் கழுவுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அங்கே கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது. அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் ஆவியாக விட வேண்டும், அல்லது கேனில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு சட்டியைத் தாராளமாகக் கழுவினால் அந்தத் தண்ணீரை ஒரு வாரம் கட்டிக் காக்க வேண்டியிருக்கும். அதனால் தட்டை முதலில் ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு, காகிதத்தால் ஒருமுறை வழித்து, கடைசியில் தெளிப்பானால் கொஞ்சம் தண்ணீர் அடித்துத் துடைப்பார்கள். வீட்டிலேயே சமைத்து, பைகளில் அடைத்து உறையவைத்த சாப்பாடு கொண்டுவந்தால் சட்டியே தேவைப்படாது. முதல் சில நாட்கள் அந்தப் பைகளே பெட்டிக்குள் பனிக்கட்டியாகவும் உதவும்.

நல்ல நண்பர்களும் முகம் திருப்பிக்கொள்வது பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான். தூக்கம் போதாது, வெயில் தலைக்கு ஏறியிருக்கும், காலையில் குடித்த காபிக் கோப்பைகள் அப்படியே கிடக்கும். கலை, தத்துவம், அரசியல் எதற்கும் சண்டை வராத குழுவில் கோப்பைக்குச் சண்டை வரும். ஆண்டாண்டாகப் போகும் முகாம்கள் இதை அறிந்து, ஒரு அட்டையில் முறைப்பட்டியல் எழுதித் தொங்கவிடுகின்றன. இன்று சமையல் யார், பனிக்கட்டி வாங்கிவர யார், கழிவுநீரைக் கவனிக்க யார். பெயர் எழுதப்பட்டுவிட்டால் மனத்தாங்கல் பாதி குறைந்துவிடுகிறது. மீதியை மாலைக் காற்று தணித்துவிடும்.

பொழுது சாய்ந்தால் அந்த ஊரின் முகமே மாறிவிடும். குளிர் இறங்கும், 10 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் விளக்குகள் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்புவார்கள். இன்னார் பாடுகிறார் என்று அறிவிக்கும் பெரிய மேடையோ நட்சத்திரப் பட்டியலோ கிடையாது. முகாம்கள்தாம் ஒலிபெருக்கி கட்டி இசை தருகின்றன. அலங்கரித்த வண்டிகள் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபடி இசைத்துக்கொண்டு போகும். நடுவெளியில் ஆளுயரத்தைப் பலமடங்கு தாண்டிய சிற்பங்கள். மார்கோ காக்ரேன் என்ற சிற்பி எஃகுக் கம்பி வலையால் செய்த பெண் உருவங்கள் இங்கேதான் முதலில் நின்றன. 2018-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் ரென்விக் கலைக்கூடத்தில் இந்தப் பாலைவனக் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

கைப்பேசியை நம்ப முடியாது என்பதால் நண்பர்கள் பிரிந்துபோவது எளிது. ஊரைக் கடிகார முகம்போல வடிவமைத்திருக்கிறார்கள். நடுவில் மரப்பொம்மை, ஆரத் தெருக்களுக்கு மணிகளே பெயர், குறுக்குத் தெருக்களுக்கு அகர வரிசை. ஏழரை மணித் தெருவில் டி தெரு முனை என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். இந்த மணிக்கு இந்த முனையில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போனால், சொன்னபடி வந்து நிற்க வேண்டும்.

வானொலியில் பேசிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஊருக்கு 94.5 பண்பலையில் சொந்த வானொலி உண்டு. 2023-இல் செப்டம்பர் தொடக்கத்தில் பாலைவனத்தில் மழை கொட்டியது. களிமண் சேறாகி டயரிலும் காலணியிலும் கட்டி கட்டியாக ஒட்டியது. வண்டிகள் ஓட்டத் தடை. சுமார் 70,000 பேர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவிடுங்கள், இருக்குமிடத்திலேயே இருங்கள் என்று அந்த வானொலியில் அறிவித்தார்கள். மரப்பொம்மையை எரிப்பதும் திங்கட்கிழமை இரவுக்குத் தள்ளிப்போனது. வெளியுலகம் பெரிய அழிவை எதிர்பார்த்தது. உள்ளே முகாம்கள் சேர்த்துவைத்த தண்ணீரும் அரிசியும் அக்கம்பக்கத்தாருக்குப் பகிரப்பட்டன. ஒரு உயிர் போனது; அந்த வருத்தத்தை மறைக்கக் கூடாது. ஆனால் மற்ற அத்தனை பேரும் ஊர் திரும்பியதற்கு முகாம்களின் முன்னேற்பாடு பெரிய காரணம்.

நடுவெளியில் மரப்பொம்மைக்கு அப்பால் ஆண்டுதோறும் மரத்தால் ஆலயம் ஒன்று கட்டுகிறார்கள். டேவிட் பெஸ்ட் என்ற கலைஞர் 2000-இல் தொடங்கிவைத்தது. கட்டிக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் விபத்தில் இறந்ததால் அவர் நினைவிடமாக அது மாறியது. இன்று இறந்த தாய் தந்தையர், குழந்தைகள், நண்பர்கள் பெயர்களை மக்கள் அதன் சுவர்களில் எழுதிவைக்கிறார்கள். கடைசி இரவில் அதை எரிக்கும்போது பல்லாயிரம் பேர் கூடி நின்றும் பேச்சுச் சத்தம் எழுவதில்லை.

குறைகளும் உண்டு. 2023-இல் நுழைவுச் சீட்டு 575 டாலர். வண்டிக்குத் தனிச் சீட்டு. எளியவர்கள் எட்டிப்பிடிக்க முடியாத விலை. பணக்காரர்கள் சிலர் ஆள் வைத்துப் பந்தல் போட்டு, குளிர்சாதன அறையில் இறங்கி, சமையல்காரர் பரிமாறச் சாப்பிட்டுப் போகிறார்கள். விதியை மீறினார்களா என்பதைவிட, அவர்கள் அங்கே எதைக் கண்டார்கள் என்பதே என் கேள்வி. கம்பி அடிக்காதவருக்கும் கோப்பை கழுவாதவருக்கும் அந்த வாரம் வெறும் வேடிக்கைதான்.

திரும்பும் வழி பிரமிட் ஏரியைச் சேர்ந்த பையூட் பழங்குடியினரின் நிலத்தின் ஊடாகப் போகிறது. குப்பையை வண்டியின் மேல் தளர்வாகக் கட்டி அந்தச் சாலையோரம் சிந்திவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இது வெட்கக்கேடு. அங்குள்ள மக்கள் சாலையோரக் கடைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு குப்பையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த வசதியைப் பயன்படுத்துவது குறைந்தபட்ச மரியாதை. பாலைவனம் அரசு நிலம். எல்லோரும் போனபின் அதிகாரிகள் சோதிப்பார்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்குமேல் குப்பை இருக்கக் கூடாது என்பது விதி. அதற்காகத் தொண்டர்கள் வரிசையாக நடந்து மரத்தூள், மயிரிழை, ஜிகினாத் துணுக்குவரை பொறுக்குகிறார்கள். எந்த முகாம் தரையை எப்படி விட்டுப்போனது என்று வண்ணம் தீட்டிய வரைபடமும் வெளியாகும்.

நேயர்களில் யாராவது, அல்லது அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள், நண்பர்களோடு அங்கே போக நினைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். சீட்டு வாங்குமுன் எல்லோரும் ஓரிடத்தில் உட்காருங்கள். தண்ணீரை யார் கொண்டுவருவது, பந்தலை யார் போடுவது, கடைசி நாள் குனிந்து தரையைப் பொறுக்குவது யார் என்று பெயர் எழுதுங்கள். மூன்றுக்கும் பெயர் கிடைத்த பிறகு சீட்டு வாங்குங்கள்.