அம்மைப்பால் தயாரித்த கைகள்

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பூசி முதன்முதலில் பலித்தது அவள் உடலில்தான். அம்மைப்பாலை நெடுந்தொலைவு கெடாமல் அனுப்புவது அன்று அரிது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எட்டாம் நாளளவில் நீரெடுத்து, அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். இவ்வாறு கைக்குக் கை மாறியே அது பம்பாயிலிருந்து பிற மாகாணங்களுக்குப் பரவிற்று. அந்தச் சங்கிலியின் கண்ணிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆளுநர்களின் பெயர்கள் ஏடுகளில் நிறைந்துள்ளன. அப்பிள்ளைகளில் பெயர் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

எவர் வீட்டுப் பிள்ளையின் நீர் எவர் வீட்டுப் பிள்ளைக்குள் செல்கிறது என்பதே மேல்சாதியினரை வாட்டிய கேள்வி. உழைக்கும் வீட்டுத் தாயின் அச்சம் வேறு. புண்ணான கையை மீண்டும் கீறி நீரெடுக்க ஆள் வருவான் என்றறிந்து அவள் பிள்ளையை ஒளித்து வைத்தாள். ஆங்கில அதிகாரிகள் இவ்விரண்டையும் ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரே சொல்லில் அடைத்தனர். அது நேர்மையற்ற கணக்கு.

1880ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகளிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் தடுப்பூசியைக் கட்டாயமாக்க வழி செய்தது. படை இருக்கும் இடம் முதலில், கிராமம் பிறகு என்பதே வரிசை. பெங்களூருவிலோ 1881க்குப் பின் இரண்டு ஆட்சிகள்: பேட்டை மைசூர் அரசிடம், தமிழ் உழைப்பாளிகள் நிறைந்த தண்டு ஆங்கிலேயரிடம்.

இந்நகருக்குத்தான் டாக்டர் பல்பு வந்து சேர்ந்தார். 1863இல் திருவனந்தபுரத்தில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் பயின்றவர். சொந்த சமஸ்தானத்தில் சாதியைக் காட்டி வேலை மறுத்தார்கள். அதே திருவிதாங்கூரில் 1813இலேயே, ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், அம்மை குத்தும் பணி தொடங்கிவிட்டிருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். மருந்து வேண்டும், மருந்தளிக்கும் ஈழவர் மட்டும் வேண்டாம்!

மைசூர் அரசு அவரை அம்மைப்பால் தயாரிக்கும் பணியில் அமர்த்தியது. கன்றின் வயிற்றுப்புறத்தை மழித்துக் கீறி அம்மைப்பாலைத் தடவுவார்கள். சில நாளில் எழும் கொப்புளங்களைச் சுரண்டி அரைத்து, கிளிசரின் சேர்த்துக் கண்ணாடிக் குழாய்களில் அடைப்பார்கள். வெப்பம் பட்டால் கெட்டுப்போகும். கவனம் தவறினால் அழுக்கும் கிருமியும் சேரும். ஆகவே அது நுண்ணிய கைவேலை. பிறப்பால் தீட்டு என ஒதுக்கப்பட்டவரின் மேற்பார்வையில் உருவான அம்மைப்பால் இவ்வாறு எல்லாச் சாதியினரின் கைகளிலும் ஏறியது.

1898 ஆகஸ்டில் பெங்களூருவில் பிளேக் புகுந்தது. ரயில் பயணிகள் சோதனையிடப்பட்டனர். வீடுகளில் அதிகாரிகள் நுழைந்தனர். நோயுற்றோர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஹாஃப்கின் பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி அப்போது புதியது. மக்களுக்கோ ஊசியைவிடக் காவலர்களே அதிகம் கண்ணில் பட்டனர். நெரிசலிலிருந்து விலகி வாழ மல்லேசுவரமும் பசவனகுடியும் உருவாயின. மனை வாங்க இயன்றவர்கள் அங்கே சென்றனர். இயலாதவர்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். பல்பு பிளேக் முகாம் பணியில் நின்றார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1896இல், 13,176 ஈழவர்கள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னருக்கு அனுப்புவதில் முன்னின்றவரும் அவரே. பள்ளியையும் அரசுப் பணியையும் எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்பது அதன் சாரம். கதவு திறக்கவில்லை.

தடுப்பூசித் தயாரிப்பு பொதுத்துறையின் கையில் இருந்த அந்த மரபை 2008 ஜனவரியில் ஒன்றிய அரசே வெட்டியது. கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று நிலையங்களின் உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. உரிமம் 2010இல் திரும்பியது. ஆனால் அதற்குள் சந்தை கைமாறியிருந்தது. 2021 மே மாதத்தில் ஒரே தடுப்பூசிக்கு ஒன்றிய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு இன்னொரு விலை என்ற நிலையை நாடு கண்டது.

இன்று பெங்களூருவின் குடிசைப் பகுதிகளில் வீடுவீடாகச் சென்று குழந்தைகளைத் தடுப்பூசிக்கு அழைத்து வருபவர்கள் ஆஷா ஊழியர்கள். அரசு அவர்களை ஊழியர்கள் என ஏற்பதில்லை. ‘தன்னார்வலர்’ என்றே குறிக்கிறது. 2025 ஜனவரியில், கடுங்குளிரில், அவர்கள் இதே நகரின் சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். மாதம் 15,000 ரூபாய் நிலையான மதிப்பூதியம் என்பதே கோரிக்கை.