நண்பகல் நிழல்

பிழைப்பை நாடி வெளியூர் சென்ற இளைஞனுக்கு அங்குள்ள பெரிய விஷயங்கள் விரைவில் பழகிவிடுகின்றன. வழி தெரிந்துவிடும், வாடகை தெரிந்துவிடும், கடைக்காரனோடு பேரம் பேசும் அளவுக்கு மொழியும் வந்துவிடும். சிறிய விஷயங்களே மெல்லப் புலப்படுகின்றன. ஆயினும், ஓர் ஊரோடு நமக்கு உறவை உண்டாக்குபவை அச்சிறிய விஷயங்கள்தாம். தில்லிக்கு வந்த இரண்டாண்டுகளில் நான் கண்டறிந்த சிலவற்றை நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அவை யாவும் கதிரவனைப் பற்றியவை.

நான் வளர்ந்தது சென்னையில். அங்கே பகற்பொழுது ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூன் இறுதியில் ஏறத்தாழ 12 மணி 55 நிமிடம். தில்லியிலோ டிசம்பரில் பத்தேகால் மணிக்குச் சற்று மேல். ஜூனில் ஏறத்தாழ 14 மணி. மார்கழியில் இங்கே காலை ஏழு மணிக்கும் சூரியன் உதிப்பதில்லை. ஆனி மாதத்தில் என் தாயார் தொலைபேசியில், "விளக்கேற்றியாயிற்று, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்கும்போது, என் சன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நாடெங்கும் கடிகாரம் ஒன்றே, அந்திப்பொழுது ஒன்றன்று.

முதல் குளிர்காலம் எனக்குக் கடினமாகவே இருந்தது. மாலை ஐந்தரைக்கே இருள் சூழும்; அறை குளிர்ந்து கிடக்கும். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பலமுறை எண்ணியதுண்டு. அந்நாளில் பக்கத்து வீட்டு மூதாட்டியார் ஒருவர், "மகனே, அறை பார்க்கும்போது தெற்கே சன்னல் இருக்கிறதா என்று பார்" என்றார். தெற்குச் சன்னலின் அருமையை நாம் அறியாதவர்களா? நமக்கு அது தென்றல் வரும் வழி. அவருக்கோ அது குளிர்கால வெயில் வரும் வழி. டிசம்பர் நண்பகலில் தில்லிச் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்கிறான். அவன் கதிர்கள் தெற்குச் சன்னல் வழியே அறையின் உட்புறம்வரை வந்து விழுகின்றன. கோடையில் அவன் உச்சிக்கு அருகே ஏறிவிடுவதால் அவ்வாறு நுழைவதில்லை. அவ்வம்மையார் ரஜாயை மொட்டை மாடியில் உலர்த்துவதும், வேர்க்கடலையோடு வெயிலில் அமர்ந்திருப்பதும் அதன் பின்னரே எனக்குப் பொருளுடையனவாகத் தோன்றின. நிழலைத் தேடி வளர்ந்த நான் வெயிலைத் தேடக் கற்றுக்கொண்டேன்.

பிறகு என் நிழலையே அளந்து பார்த்தேன். ஐந்தரை அடி உயரமுள்ளவனுக்கு, டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி, தில்லியின் நண்பகல் நிழல் ஏழடி. சென்னையில் அது நான்கடி. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான்; நட்ட கோலுக்கு நிழலே இராது. இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மும்பையில் இருக்கும் நேயர்கள் நிழலற்ற நண்பகலை மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் காணலாம். கல்கத்தாவில் இருப்போர் ஜூன், ஜூலை மாதங்களின் தொடக்கத்தில் காணலாம். தில்லியில் அந்நாள் வருவதே இல்லை. சென்னையிலிருந்து வரும் ரயில், போபாலைத் தாண்டி விதிசாவை அடையுமுன் கடகரேகையைக் கடக்கிறது. அதற்கு வடக்கே நண்பகல் நிழல் எந்நாளும் வடக்கு நோக்கியே விழும். எத்தனையோ முறை உறங்கியபடியே நான் அக்கோட்டைக் கடந்திருக்கிறேன்!

தில்லியில் ஜந்தர் மந்தர் என்னும் வானாராய்ச்சிக் கூடம் உண்டு. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெயசிங் 1724ஆம் ஆண்டளவில் அமைத்தது. அங்குள்ள சாம்ராட் யந்திரம் பெரியதொரு சூரியக் கடிகாரம். நிழல் தரும் அதன் சாய்சுவர் ஏறத்தாழ இருபத்தெட்டரைப் பாகை சாய்வுடையது. அதுவே தில்லியின் அட்சரேகை. அதே மன்னர் உஜ்ஜயினியில் எழுப்பிய யந்திரத்தின் சாய்வு ஏறத்தாழ 23 பாகை. சென்னையில் ஒன்று கட்டினால் 13 பாகை போதும். ஓர் ஊருக்கென அமைந்ததைப் பெயர்த்து மற்றோர் ஊரில் அப்படியே நட்டால், அது சரியான நேரம் காட்டாது. ஆனால், எந்த ஊரில் எந்தச் சாய்வில் நின்றாலும், அச்சுவர்கள் நோக்குவது ஒரே வடதுருவத்தைத்தான்.

வெளியூரில் வாழ்பவன் சொந்த ஊரை மறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோக்கும் திசை மாறவேண்டுவதில்லை. நின்ற இடத்துக்கேற்பச் சற்றுச் சாயக் கற்றுக்கொண்டால் போதும். இதை அறிய யந்திரமும் வேண்டாம். நேயர்கள் நாளை நண்பகலில் வாயிலுக்கு வந்து, தம் நிழல் எப்பக்கம் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கட்டும். அது அவர்கள் இப்பொழுது வாழும் ஊரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லும்.