கண்மாய்க் கரையில் கரிமக் கணக்கு



'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊரார் பெருமையோடு சொல்லும் பெரிய கண்மாய்க்கு அருகே, கரிமத் தடத்தைக் குறைப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். பொருத்தமான இடம் என்றே கருதுகிறேன்.

2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவோம் என்று கிளாஸ்கோ மாநாட்டில் 2021இல் இந்தியா அறிவித்தது. உமிழ்வைக் குறைத்தவர் அதற்கான வரவை விற்க வழிசெய்யும் கரிம வரவு வணிகத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. இவை நல்ல தொடக்கங்கள். நம் மாவட்டத்துக் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கும் அது, நாட்டின் கணக்கில் பெரிய வரவு.

இந்த வட்டாரத்தின் மற்ற வரவு செலவுகளை எந்த ஏட்டில் எழுதுவது? சீமைக்கருவேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, புகையின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிகிறார்கள் கரிமூட்டத் தொழிலாளர்கள். காற்று சற்றுக் கூடுதலாக உள்ளே போனாலும் மொத்தமும் சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் காவல் இருக்கிறார்கள். அந்தப் புகையில் மீத்தேனும் இருக்கிறது, மூச்சுக்கும் கேடு. ஆனால் வெட்டிய அடிக்கட்டை மழை பெய்ததும் துளிர்த்து, விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதே மரம் கண்மாய்க்குள் பரவினால் நீர் தேங்கும் இடம் குறைகிறது. 'மரம் வளர்ந்தால் வரவு' என்ற ஒற்றை வரியில் இதை அடக்குவது தவறு. கருவேலங்காட்டைக் காட்டிக் கரிம வரவு கோர யாரேனும் வந்தால், பாசனம் இழந்தவரின் செலவையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும்.

இதே வட்டாரத்தின் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் மானாவாரியில் விளைந்து, களத்து வெயிலிலேயே காயும் வற்றல் அது. உலர்த்துவதற்கு எரிபொருள் செலவே இல்லை. தமக்குச் சரக்குத் தருவோரின் கரிமத் தடத்தையும் பெரிய நிறுவனங்கள் கேட்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், நம் சம்சாரி காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அளந்து தர ஆளில்லாததே காரணம். அளவிடும் செலவை அவர் தலையில் கட்டுவது அநீதி. வாங்கும் நிறுவனமும் அரசும் ஏற்க வேண்டும்.

ஆய்வாளர்களே, இங்கு படிக்கவிருக்கும் கட்டுரை ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள்: குறைத்தது யார்? அதற்கான பணம் யார் கைக்குப் போகிறது? அந்த விடைகளைத் தமிழில் எழுதி, இவ்வூர் விவசாயிகளிடமும் கரிமூட்டத் தொழிலாளர்களிடமும் சேர்ப்பியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.