செயலைத் துறப்பதா? பயனைத் துறப்பதா?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட ஆலயத் திருவிழாவில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்



பனிமூட்டம் விலகுமுன்பே பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து, கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது தேயிலைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வாழ்க்கையாகும். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ நிறுவனத்தைத் தோற்றுவித்துக் கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை பயிரிடச் செய்தார். காட்டைத் திருத்திக் கன்று நட்டு வளர்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து கடல்கடந்து வந்தோர் பலர். கூடை சுமந்து கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பிற நாட்டுத் தொழிலாளரும் உடன் உழைக்கின்றனர். எனினும், உழைத்தால்தான் உணவு என்னும் நிலை மட்டும் மாறவில்லை.

இத்தகைய உழைப்பாளர் செவிகளில் கீதையின் பெயரால் அடிக்கடி விழும் அறிவுரை ஒன்றுண்டு. கடமையைச் செய்ய வேண்டும், பலனை எதிர்பார்த்தலாகாது என்பதே அது. இதனைக் கேட்போர் உள்ளத்தில் ஐயம் எழுதல் இயல்பே. மாதம் முழுவதும் மெய்வருந்த உழைத்தவர் கூலியைக் கேட்பது குற்றமா? நிறுவையில் குறைந்தால் வாய்திறத்தல் ஆகாதா? மற்றொருபுறம், குடும்பச் சுமை தாளாதவர்கள், எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்கேனும் போய்விடலாம் என்று புலம்புவதுமுண்டு. அது துறவாகுமா?

கீதை கூறும் வேறுபாடு

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் அருச்சுனன் கேட்கும் வினாவும் இதுவே. சந்நியாசம் யாது, தியாகம் யாது எனப் பிரித்துரைக்குமாறு அவன் வேண்டுகிறான். விருப்பத்தால் தூண்டப்பெறும் வினைகளை விடுதல் சந்நியாசம் என்றும், எல்லா வினைகளின் பயனையும் விடுதல் தியாகம் என்றும் கண்ணபிரான் விளக்குகின்றார். உடல் தாங்கிய எவராலும் வினையை முற்றிலும் விட்டுவிட இயலாது என்பதையும் உடன் உணர்த்துகின்றார்.

அத்துடன் தியாகத்தையும் மூன்றாகப் பகுக்கின்றார். செய்யவேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமசம். உடல் வருந்துமே என்றஞ்சிக் கைவிடுவது இராசதம். செய்யத்தக்கது என்பதற்காகவே செய்து, பற்றையும் பயனையும் விடுவது சாத்துவிகம். கடன் தொல்லைக்கு அஞ்சி மனைவி மக்களைத் தவிக்கவிட்டு மறைபவர் காவி உடுத்தினாலும் இவற்றுள் எதில் அடங்குவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதனால் துறவு தாழ்ந்ததெனக் கொள்ளலாகாது. 1896-ஆம் ஆண்டில் பதினாறு வயதில் இல்லம் நீங்கித் திருவண்ணாமலையை அடைந்தவர் பகவான் ரமணர். அவருக்குத் துறவு கனிந்த கனி தானே காம்பிலிருந்து கழன்றதைப் போன்றது. அவரே, இல்லறத்தை விட்டுவிடவா என்று கேட்டு வந்த அன்பர்களை அவ்வாறு விடும்படி தூண்டவில்லை. ஆசிரமச் சமையலறையில் அமர்ந்து காய்கறி நறுக்கவும் அவர் தயங்கியதில்லை.

உழவாரம் ஏந்திய கை

கீதை வகுத்த நெறியை வாழ்ந்து காட்டியவர் ஏழாம் நூற்றாண்டில் தோன்றிய திருநாவுக்கரசர். அவர் கையிலிருந்தது உழவாரப்படை. கோயில் வெளியிற் புல்லும் முள்ளும் செதுக்கும் கருவி. தோட்டத்தில் புல்வெட்டிப் பழகிய கைகளுக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தபோது, செதுக்கிய இடமெங்கும் பொன்னும் நவமணியும் கிடந்து மின்னுமாறு இறைவன் செய்தருளினான் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறுகின்றார். நாவுக்கரசர் என்ன செய்தார்? பருக்கைக் கற்களையும் பொன்னையும் ஒன்றாகவே எண்ணி, உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். எறிந்தபின் பணியைத் தொடர்ந்தார். பொன்னைத் துறந்தவர் உழவாரத்தைத் துறக்கவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

அவ்வாறாயின், கைக்கு வந்த எதனையும் பெறலாகாதா? இதற்கு விடை திருவீழிமிழலையில் உள்ளது. அங்கே கொடும்பஞ்சம் நேர்ந்தபோது, அடியார்களுக்கு அமுதளிப்பதற்காகத் திருஞானசம்பந்தருக்கும் நாவுக்கரசருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு கிடைத்தது. நாவுக்கரசர் அதனை மறுக்கவில்லை. பெற்று, பசித்தோர்க்கு உணவாக்கினார். புகலூரிற் பொன்னை எறிந்த கையே மிழலையிற் காசை ஏற்றது. முன்னது ஆசையைத் தூண்ட வந்தது. பின்னது பசியை ஆற்ற வந்தது.

அவ்வரலாற்றில் மற்றுமொரு நுட்பம் உண்டு. கைத்தொண்டு புரிந்தமையால் நாவுக்கரசர் பெற்ற காசு முழுமதிப்புடையதாக இருந்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கோ கடைவீதியில் வட்டம் கொடுத்து மாற்றவேண்டியிருந்தது. அதனால் அவர் திருமடத்தில் அடியார்க்கு அமுது படைக்கக் காலம் தாழ்ந்தது. காரணத்தைக் கேட்டறிந்த சம்பந்தர், காசின் குறையை நீக்கியருளுமாறு இறைவனிடமே பதிகம் பாடி வேண்டினார், குறையும் நீங்கிற்று. பிறர் பசி தீர்க்கும் காசில் குறை கண்டபோது ஞானக்குழந்தையே வாய்திறந்து கேட்டது. உழைத்தவர் தம் குடும்பத்தின் உணவுக்காக உரிய கூலியை முழுமையாகக் கேட்பது எங்ஙனம் பற்றாகும்?

ஆதலின், பயனைத் துறத்தல் என்பது கூலியைத் துறத்தலன்று. கூலி உழைப்பின் உரிமை. உழைப்பவனைப் பார்த்துப் பலனை எதிர்பாராதே என்று சொல்லித் தம் பலனைப் பெருக்கிக்கொள்வார் உளராயின், அவர்கள் கீதையை ஓதியவரல்லர், அதனை விலைபேசியவர்கள். துறக்கவேண்டியது, 'என்னால்தான் நடந்தது' என்னும் செருக்கையும், கிடைக்காதபோது கடமையையே வெறுக்கும் சோர்வையும், தேவைக்கு மேல் குவிக்கும் ஆசையையுமே.

இந்நாட்டில் ஒரு சான்று

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் சுவாமி சத்தியானந்தர் பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை நிறுவினார். காவி உடுத்த துறவியாயினும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நிழலாகும் பணியை அவர் துறக்கவில்லை. 1961-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அப்பணியை அன்னை மங்களம் ஏற்று, 2023-ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். தம் வயிற்றிற் பிறவாத பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் அளித்த அவ்வாழ்வில், துறவும் செயலும் இரண்டாக நிற்கவில்லை.

ஆலயத்தில் தொடங்குக

பயன்துறத்தலைப் பழகுதற்கு ஏற்ற இடம் ஆலயம். உபயம் செய்தவர் பெயர் விளக்கிற் பொறிக்கப்படவில்லை என்றும், மாலையும் பரிவட்டமும் முதலில் தமக்குக் கிட்டவில்லை என்றும் மனம் வருந்தித் திருப்பணியை விட்டு விலகுவோர் எல்லா ஊர்களிலும் உளர். அன்னதானக் கூடத்தில் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, யாரும் அறியாமல் வீடு திரும்பும் தாய்மாரும் எல்லா ஊர்களிலும் உளர். இவ்விரு சாராருள் நாவுக்கரசரின் உழவாரம் யார் கையில் இருக்கின்றது என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

மூன்று நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவர். வேரைத் தொடுவதில்லை; மிகையாக வளர்ந்த கிளையையே நீக்குவர். செடி மீண்டும் தளிர்க்கின்றது. செயல் என்னும் வேரை விட்டுவைத்து, பற்று என்னும் மிகையைக் கழித்தலே இல்லறத்தார்க்கு உரிய துறவு. அத்துறவு கைகூடத் திருவருள் துணைநிற்பதாக!

திருச்சிற்றம்பலம்